சர்வதேசக் கொள்கை, வளர்ச்சி முதுகலை: 40 லட்சம் கடன் வாங்கிப் போகலாமா?

சோளகம் | தங்கச்சிமடம்

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ராமநாதபுரத்தில் பி.ஏ. பொருளாதாரம் முடித்தேன். இப்போது பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கெடுப்பு வேலை. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேசக் கொள்கையும் வளர்ச்சியும் என்ற ஒரு வருட முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்தால் 40 லட்சம் தாண்டுகிறது. உதவித்தொகை என்று அவர்கள் சொல்வது கட்டணத்தில் ஒரு சின்னத் தள்ளுபடி, அவ்வளவுதான்.

அப்பா நாட்டுப்படகுக்காரர். வீடு இருக்கிற இடத்துக்குப் பட்டா கிடையாது. தாய்மாமா ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். ஒரு கன்சல்டன்சி வேறு, ‘முன்பணத்தைக் கட்டுங்க மேடம், லோன் எங்க பொறுப்பு’ என்று தினமும் போன் அடிக்கிறது.

இந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? முடித்தால் வேலை எங்கே? கடன் வாங்கிப் போகும் அளவுக்கு இது தகுமா? ‘பொம்பளப் புள்ள எதுக்கு அவ்வளவு தூரம்’ வகைப் பதில்களை வீட்டிலேயே கேட்டு முடித்துவிட்டேன். இங்கே வேண்டாம்.

கீழக்கரைக்காரன்

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, எங்க ஊரில் பாதிப் பேர் துபாயில்தான் இருக்கிறோம். ஆனால் படிப்பின் பெயரைக் கேட்டால் என்ன வேலை என்று புரியவில்லையே. நர்சிங் என்றால் நர்சு. அக்கவுண்ட்ஸ் என்றால் கணக்கு. இது? வங்கித் தேர்வு எழுதும்மா. கோபித்துக்கொள்ளாதே.

கச்சான் | தொண்டி, இப்போது டெல்லி

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதில் பாதி நியாயம். இந்தப் படிப்பைப் பெயரை வைத்து எடை போட முடியாது. நான் இதே வகைப் படிப்பை நெதர்லாந்தில், தி ஹேக்கில் படித்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வகுப்பில் நடப்பது என்னவென்றால், வளர்ச்சிப் பொருளாதாரம், அரசியல், புள்ளியியல் மூன்றும் முதுகெலும்பு. ஒரு திட்டம் வந்ததால் வருமானம் கூடியதா, இல்லை அந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததால் கூடியதா என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவார்கள். 2019-ல் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் மைக்கேல் கிரேமரும் நோபல் வாங்கியது இந்த வகை ஆராய்ச்சிக்குத்தான். அப்புறம் அமைச்சருக்கு இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதுவது. நாற்பது பக்க அறிக்கை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதை இரண்டு பக்கமாக்குவதில்தான் எல்லாருக்கும் மூச்சு முட்டும். பேச்சுவார்த்தைப் பயிற்சியும் உண்டு. என் வகுப்பில் கொழும்பிலிருந்து ஒரு அரசு அதிகாரி படித்தார். கச்சத்தீவு பற்றிய 1974 ஒப்பந்தத்தையும் 1976-ல் இரு அரசும் மாற்றிக்கொண்ட கடிதங்களையும் வைத்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் மல்லுக்கட்டினோம். 74-ன் 5-ஆம் பிரிவு நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 76 கடிதம் ஒரு நாட்டுப் படகு இன்னொரு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள், கொழும்பில் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பேசுகிற சூழல்தான் அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். பாடப் புத்தகங்களைத் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்தே படித்துவிடலாம்.

இனி வேலை. இப்போதைய நிலைமை மோசம், மழுப்பாமல் சொல்கிறேன். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூ.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு இழுத்து மூடப்பட்டுவிட்டது. அந்தப் பணத்தில் ஓடிய நிறுவனங்களிலிருந்து வெளியே வந்தவர்கள் உலகம் முழுக்க வேலை தேடுகிறார்கள். பிரிட்டனும் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போகிறது. படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருடம் தந்துகொண்டிருந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். தொண்டு நிறுவனத் தொடக்கச் சம்பளம் வேலை விசாவுக்கான சம்பள வரம்பைத் தொடுவதே கஷ்டம்.

ஐ.நா. கனவு இருந்தால் அதையும் தெரிந்துகொள். தலைமைச் செயலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் சம்பளம் கிடையாது, நியூயார்க் வாடகை நம் கைக்காசு. இளநிலை அதிகாரி பதவிகளுக்குப் பணக்கார நாடுகள் காசு கொடுத்துப் பெரும்பாலும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளையே அனுப்புகின்றன.

ஆகவே கடன் வாங்கிப் போகாதே. படிக்காதே என்று நான் சொல்லவில்லை.

வாடை | ராமேஸ்வரம்

நான் விசைப்படகு வைத்திருப்பவன். இந்தப் படிப்பு படித்தவர்கள் எங்களுக்குச் செய்த நல்லது என்ன என்று யாராவது சொல்லுங்கள். தீவுப் பக்கம் போகாதே என்று சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். எங்கேயோ உட்கார்ந்து யாரோ எழுதியதுதானே? ஆழ்கடல் திட்டத்தைப் பாருங்கள். 2017-ல் இங்கேதான் தொடங்கினார்கள். படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், நாம் 10, மீதி 20 வங்கிக் கடன். மூன்று வருடத்தில் 2,000 படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன் தெரியுமா? எங்கள் ஆட்கள் சாயங்காலம் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருகிறவர்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து சூரை மீன் பிடிக்க ஆள் வேண்டாமா? ஐஸ் பிடிக்க, மீனை இறக்க அதற்கேற்ற துறைமுகம் வேண்டாமா? பேப்பரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தங்கச்சி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 40 லட்சம் கொட்டிப் படித்துவிட்டு அவளும் இதே மாதிரி பேப்பர்தான் எழுதப்போகிறாள்.

சோளகம்

வாடை அண்ணே, அந்த 80 லட்சத் திட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் இந்தப் படிப்பில் கட்டுரையாகக் கேட்கிறார்கள். திட்டம் ஏன் எடுபடவில்லை என்பதை அதில் சேர வேண்டியவனின் இடத்திலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

வாடை | ராமேஸ்வரம்

அப்படியென்றால் எனக்கு யார் பட்டம் தருவார்?

மண்டபம் கேம்ப்

ஓய்வு பெற்ற மீன்வளத் துறை ஆள் நான். வாடை தம்பி கேட்டதற்குப் பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

நீ ஓட்டுகிற விசைப்படகே ஒரு வெளிநாட்டு வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளைதான். 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வேலை தொடங்கியது. நார்வே நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்த முதல் வளர்ச்சித் திட்டமே அதுதான். மீனவர்களின் படகுக்கு எஞ்சின், ஐஸ் ஆலை, சுகாதார நிலையம், குடிநீர் என்று நல்ல எண்ணத்தோடு வந்தார்கள். 60-களில் நம் மண்டபத்துக்கும் அந்தத் திட்டம் நீண்டது. இடையில் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியது. சின்ன மீனவனுக்கு என்று வந்த திட்டம், கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. நாட்டுப்படகுக்காரனின் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போக, கரையில் வெட்டு, குத்து, தீவைப்பு. கடைசியில் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று கிழமை பிரித்த ஏற்பாடும் அந்தச் சண்டையில் பிறந்ததுதான். இன்றைக்கும் அதில்தானே ஓடுகிறோம்?

வெளிநாட்டுப் பணம் வருவதையோ படித்தவன் வருவதையோ நான் குறை சொல்லவில்லை. அறையில் உட்கார்ந்து இறால் விலையைப் பார்த்தவர்களில் ஒருவருக்காவது பாக் நீரிணையின் ஆழம் தெரிந்திருந்தால் மடி இழுக்க இத்தனை எஞ்சினை இந்தச் சின்னக் கடலில் இறக்கியிருப்பார்களா என்று மட்டும் யோசிக்கிறேன். சோளகம் மாதிரி ஒரு பெண் அந்த அறையில் உட்கார வேண்டும் என்றே ஆசை. கடன் விஷயம் எனக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை | பரமக்குடி

கடன் விஷயம் எனக்குத் தெரியும், வங்கியில் இருக்கிறேன். பொதுத்துறை வங்கியில் கல்விக்கடன் 4 லட்சம் வரை ஜாமீன் கேட்க மாட்டார்கள். 4-லிருந்து ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கு மேலே போனால் சொத்து அடமானம். சொத்து என்றால் வில்லங்கம் இல்லாத பத்திரம், பட்டா. கடற்கரைப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்று சொன்னால் மேனேஜர் தலையாட்டுவார், பைல் நகராது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் இப்படித் திரும்பி வந்த விண்ணப்பங்கள் நிறைய.

கன்சல்டன்சி ‘எங்க பொறுப்பு’ என்று சொல்வது தனியார் நிதி நிறுவனக் கடன். வட்டி கூடுதல், சில இடங்களில் படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்வார்கள். மாமா போடப்போவது வெறும் ஜாமீன் கையெழுத்தாக இருக்காது. அவரை இணைக் கடனாளி ஆக்குவார்கள். நீ ஒரு தவணை தவறினால் கடன் கொடுக்கும்போது வங்கிகள் பார்க்கிற அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும். நாளைக்கு அவர் படகுக்குக் கடன் கேட்டால் கிடைக்காது. அவருக்கு இதை யாராவது சொன்னார்களா?

கணக்கும் போட்டுவிடலாம். 40 லட்சம், 11 சதவீதம், 10 வருடம் என்றால் மாதத் தவணை 55,000 ரூபாய் பக்கம். படிக்கும் காலத்து வட்டி அசலோடு சேர்ந்தால் இன்னும் ஏறும். கச்சான் அண்ணன், டெல்லியில் இந்தப் படிப்புக்குத் தொடக்கச் சம்பளம் என்ன?

கச்சான் | தொண்டி, இப்போது டெல்லி

நான் பார்த்தவரை ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு 50,000-ஐ ஒட்டித்தான். தவணையைக் கட்டிவிட்டுப் பட்டினி கிடக்கலாம்.

சோளகம்

மாமாவிடம் இணைக் கடனாளி விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கன்சல்டன்சிக்காரரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று ராத்திரி சொல்கிறேன். முன்பணம் கட்டவில்லை, நல்லவேளை.

அப்படியென்றால் முழு உதவித்தொகைதான் வழி. இணையத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடக்கிறது. எது எனக்குப் பொருந்தும் என்றுதான் புரியவில்லை. மூன்று வருட பி.ஏ., இரண்டு வருட வேலை, எம்.பி.சி. சான்றிதழ்.

கொண்டல் | தேவிபட்டினம்

அக்கா, நான் போன வருடம் இதையெல்லாம் தோண்டிப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை உங்களுக்கு இப்போது ஆகாது. நாலு வருடப் பட்டமோ, அல்லது மூன்று வருடப் பட்டத்துக்கு மேல் ஒரு முதுகலையோ முழுநேர டிப்ளமாவோ கேட்கிறார்கள். மூன்று வருட வேலை அனுபவமும் வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழக அரசு தருவதும் பட்டியல் சாதி, பழங்குடி போன்ற பிரிவுகளுக்கு. நீங்கள் எம்.பி.சி. என்பதால் வராது. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் அந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள். மத்திய அரசுத் திட்டத்தில் இந்தியச் சமூகம், இந்திய வரலாறு, பண்பாடு பற்றிய படிப்புகளை 2022-ல் வெட்டிவிட்டார்கள். தலைப்பு எழுதும்போது கவனம்.

உங்களுக்குப் பொருந்துவது பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகை. 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது முழுநேரமாக இரண்டு வருடம். சம்பளமில்லாத வேலையும் கணக்கில் வரும். ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுவார்கள். முடித்ததும் இரண்டு வருடம் ஊருக்குத் திரும்பி இருக்க வேண்டும், உங்களுக்கு அது ஒரு தண்டனையாக இருக்காது என்று நினைக்கிறேன். அடுத்தது காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை. சொந்தச் செலவில் இங்கிலாந்தில் படிக்க வழியில்லாதவர்களுக்கென்றே வைத்தது அது. குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான், அதனால் பல்கலைக்கழகத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனியின் டாட் உதவித்தொகைக்கும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஈராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை என் விருப்பம். அனுபவத்தைப் பெரிதாகக் கேட்காத படிப்புகள் அதில் உண்டு. மாதம் 1,400 யூரோ, கட்டணம் இல்லை, இரண்டு மூன்று நாட்டில் படிக்கலாம். உலக வளர்ச்சிக் கொள்கைக்கென்றே செக் குடியரசு, பிரான்சு, இத்தாலிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து குளோடெப் என்று ஒன்று நடத்துகின்றன. போட்டி கடுமை.

கீழக்கரைக்காரன்

இந்தியாவிலேயே இல்லையா?

கொண்டல் | தேவிபட்டினம்

இருக்கிறது காக்கா. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வளர்ச்சிப் படிப்பு, குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறார்கள். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், ஐ.ஐ.டி. சென்னையின் இரண்டு வருட எம்.ஏ. வளர்ச்சியியல், நம்ம பக்கத்துக் காந்திகிராமம். எம்.ஐ.டி. இணைய வழியில் தரவு, பொருளாதாரம், கொள்கை என்று ஒரு பாடத்தொகுதி வைத்திருக்கிறது. பாடம் இலவசமாகப் பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். அக்கா முதலில் அதில் புள்ளியியலை முடித்தால் எங்கே விண்ணப்பித்தாலும் உதவும்.

சோளகம்

கொண்டல் தம்பி, உனக்குக் கோடி நன்றி. நோக்கக் கட்டுரையின் தொடக்கத்தை இங்கே போடுகிறேன், கிழியுங்கள்:

‘கடலோர ஏழை மக்களின் வாழ்வாதாரத்தை உயர்த்த வேண்டும் என்பது என் சிறு வயதுக் கனவு. பெண்களுக்கு அதிகாரமளித்தல், நிலையான வளர்ச்சி, காலநிலை மாற்றம் ஆகிய துறைகளில் உலகத் தரமான அறிவைப் பெற்று என் சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்த விரும்புகிறேன்...’

கச்சான் | தொண்டி, இப்போது டெல்லி

முழுக்க வெட்டு. இதை கானாவிலிருந்தும் எழுதுவார்கள், பெருவிலிருந்தும் எழுதுவார்கள். உன் கணக்கெடுப்பு நோட்டில் இருப்பதை எழுது. அந்தப் பெண்கள் கடலில் இறங்கும்போது நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய்தானே?

சோளகம்

நின்றிருக்கிறேன். சின்னப்பாலத்தில். சரி, கட்டுரை மாதிரி இல்லாமல் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விரல் ஒவ்வொன்றுக்கும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், பாறையில் சீவிக்கொள்ளாமல் இருக்க. சேலைக்கு மேல் சட்டை. நீச்சல் கண்ணாடி. இடுப்பில் சாக்கு. மூச்சைப் பிடித்து முங்கி, பவளப்பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்க வேண்டும். வேரோடு இழுத்தால் அடுத்த முறைக்கு இருக்காது என்பதால் கம்பியோ கொத்தோ வைத்துச் சுரண்டக் கூடாது என்று அவர்களே விதி போட்டிருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாள்தான் போவது. மீன்பிடித் தடைக்காலத்திலும் ஒன்றரை மாதம் அவர்களாகவே நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் ஊரில் பேசிப் பேசி நிலைநிறுத்தியதற்காகத்தான் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது.

ஆனால் தீவைச் சுற்றிய கடல் 1986-லிருந்து தேசியப் பூங்கா. காகிதப்படி இவர்கள் அங்கே போவதே குற்றம். வனத்துறைப் படகு வந்தால் சாக்கைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று என் நோட்டில் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மண்டபத்தில் 2000-ஐ ஒட்டி ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனி கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை ஒப்பந்தத்தில் வளர்க்கவைத்தது. அது தப்பித்துப் போய்க் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்தது. வளமாவூரில் இப்போது 127 கோடியில் கடற்பாசிப் பூங்கா. கையால் பறிக்கிறவளுக்குத் தடை, வெளிநாட்டுப் பாசியை வளர்க்கிறவனுக்கு மானியம். இரண்டையும் செய்கிறது ஒரே அரசாங்கம். இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் படிக்க நினைத்தேன்.

மண்டபம் கேம்ப்

அம்மாடி, இதுதான் கட்டுரை.

கச்சான் | தொண்டி, இப்போது டெல்லி

கடைசி நாலு வரியை எடுத்து முதலில் வை. நடுவில் இரண்டு விஷயம் சேர்த்தால் நேர்காணலில் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒன்று, எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். பொதுவளத்தை அரசாங்கமோ முதலாளியோ கையில் எடுத்தால்தான் பிழைக்கும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பயன்படுத்துகிறவர்களே விதி போட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் காட்டினார். பன்னிரண்டு நாள் விதி, திங்கள்-புதன்-சனி விதி எல்லாம் அவர் சொன்னதற்கு நம் கரையில் இருக்கிற சாட்சி.

இன்னொன்று, 2022 டிசம்பரில் மாண்ட்ரீலில் உலக நாடுகள் 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தன. அப்படியென்றால் இன்னும் பல கரைகளில் பூங்கா வரப்போகிறது. பூங்காவுக்குள் ஏற்கெனவே விதி போட்டு வாழ்கிறவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு உலகமே பதில் தேடுகிறது. நாற்பது வருட உதாரணம் உன் நோட்டில் இருக்கிறது.

வாடை தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன். உலக வர்த்தக நிறுவனத்தின் மீன்வள மானிய உடன்படிக்கை 2025 செப்டம்பர் 15-ல் அமலுக்கு வந்துவிட்டது. 2022-ல் ஜெனீவாவில் முடிவானது. அதன் 3-ஆம் பிரிவைப் படித்துப் பார்.

வாடை | ராமேஸ்வரம்

எங்கே கிடைக்கும், எந்த மொழியில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்ன இருக்கிறது அதில்?

கச்சான் | தொண்டி, இப்போது டெல்லி

சட்டவிரோத மீன்பிடிப்பில் ஈடுபட்டதாக முடிவு செய்யப்பட்ட படகுக்கு எந்த அரசும் மானியம் தரக் கூடாது. யார் முடிவு செய்வது? படகின் சொந்த நாடு செய்யலாம், சில மீன்வள அமைப்புகள் செய்யலாம். தன் கடலுக்குள் நடந்ததைப் பற்றி அந்தக் கரை நாடும் செய்யலாம்.

வாடை | ராமேஸ்வரம்

அப்போ எல்லை தாண்டினான் என்று இலங்கைக்காரன் எழுதிக் கொடுத்தால் எங்கள் டீசல் மானியம் போய்விடுமா?

கச்சான் | தொண்டி, இப்போது டெல்லி

இன்றைக்குப் போகாது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை, ஏற்றவர்களைத்தான் அது கட்டுப்படுத்தும். ஏற்றாலும் கரை நாடு முன்னறிவிப்பு, ஆதாரம், பதில் சொல்ல வாய்ப்பு என்று நடைமுறை பார்த்தாக வேண்டும். வளரும் நாடுகளுக்கு இரண்டு வருடச் சலுகை உண்டு, அதுவும் தன் சொந்தக் கடலுக்குள் நடப்பதற்கு மட்டும். விசைப்படகுக்கு வருடத்துக்கு 18,000 லிட்டராக இருந்து 2023-ல் 19,000 ஆன வரியில்லா டீசல் மாதிரியான பொது மானியங்களைப் பற்றி இரண்டாம் கட்டப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. வளரும் நாடுகளுக்கு 25 வருட அவகாசம் என்பது நம் அரசு அங்கே வைத்த கோரிக்கை.

இதைப் பேசுகிற மேசையில் பாக் நீரிணையைப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

வாடை | ராமேஸ்வரம்

எங்கள் சங்கத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லை. தலைவர்களுக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. எல்லாரும் கச்சத்தீவு கச்சத்தீவு என்கிறார்கள்.

சோளகம்

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னியுங்கள். மாமாவிடம் பேசினேன். இணைக் கடனாளி என்றதும் முகம் மாறிவிட்டது. ஆனாலும் ‘போடுறேன்’ என்றுதான் சொன்னார், அதனால்தான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பல்கலைக்கழகத்துக்கு இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். காமன்வெல்த் பகிர்வு, செவனிங், குளோடெப் மூன்றுக்கும் போடப்போகிறேன். பெங்களூருக்கும் போடுகிறேன். கன்சல்டன்சி எண்ணை முடக்கிவிட்டேன், இன்னொரு எண்ணிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

அம்மா மட்டும் கேட்டார், ‘படிக்காம இருந்தா அந்தப் பிள்ளைக சொல்றத யாரு எழுதுவா’ என்று. பாசி எடுக்கும் பெண்களைச் சொன்னார்.

கணக்குப்பிள்ளை | பரமக்குடி

நல்ல முடிவு. உதவித்தொகை கிடைத்து விமானச் செலவு, முன்வைப்பு மாதிரிச் சின்னத் தொகை தேவைப்பட்டால் 4 லட்சத்துக்குள் கேள், அதற்கு அடமானம் வேண்டாம். பொதுத்துறை வங்கியில் பெண்களுக்கு வட்டியில் அரை சதவீதம் வரை சலுகையும் உண்டு. அப்போது எனக்கு ஒரு செய்தி போடு.

வாடை | ராமேஸ்வரம்

தங்கச்சி, ஒரு உதவி. கச்சான் அண்ணன் சொன்ன அந்த 3-ஆம் பிரிவைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா? ரெண்டு பக்கம் எழுதத்தானே அங்கே சொல்லித் தருவார்கள் என்று அவர் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்தில் எல்லாரும் இருப்போம், அன்றைக்குப் படகு போகாது. வந்து சொன்னால் நல்லது. சத்தம் போடுவார்கள், பயப்படாதே.

சோளகம்

எழுதுகிறேன் அண்ணே. மூன்று மணிக்கு மேல் என்றால் வருவேன், காலையில் சின்னப்பாலத்தில் வேலை. நாட்டுப்படகுக்காரர்களையும் கூப்பிடலாமா? அப்பாவும் வர்றேன் என்கிறார்.

வாடை | ராமேஸ்வரம்

கூப்பிடு. உங்க அப்பா வலை எங்க படகில் மாட்டிய கதையை மட்டும் அன்றைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லிவை.